தஞ்சாவூர் டிராம்: முதல் 6 கி.மீ. போடும்போதே நீட்டிப்புக்கு என்ன விட்டுவைக்கணும்?

புதாற்றங்கரை எழுதியது:

வணக்கம். தஞ்சாவூருக்கு டிராம் தேவையா என்ற சண்டை ஏற்கெனவே போதுமான அளவு நடந்துவிட்டது. தேவை என்று வைத்துக்கொண்டு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு தயாராகிறது. அதில் ஓட்டை எங்கே என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

முதல் கட்டம்: பழைய பேருந்து நிலையத்தில் தொடங்கி, கல்லணைக் கால்வாய்ப் பாலம், ரயில் நிலையம், மருத்துவக் கல்லூரி சாலை வழியாகப் புதிய பேருந்து நிலையம். சுமார் 6 கி.மீ., இரட்டைப் பாதை, தண்டவாளங்களுக்கு இடையே 1435 மி.மீ. அகலம், 30 மீட்டர் தாழ்தள வண்டிகள். இரண்டாம் கட்டம்: அதே பழைய பேருந்து நிலையத்திலிருந்து வடக்கே கீழவாசல், கரந்தை, பள்ளியக்ரகாரம்.

சந்தேகங்கள் இவை. நம்ம களிமண்ணில் கான்கிரீட் பாதை நிற்குமா? கால்வாய்ப் பாலத்தின் மேலேயே தண்டவாளம் போடலாமா, தனிப் பாலம் வேணுமா? தேர் ஓடும் வீதிகளில் மின்கம்பிக்கு என்ன வழி? இரண்டாம் கட்டத்துக்காக முதல் கட்டத்திலேயே எதைச் செய்துவைத்தால் பின்னால் ரோட்டை மறுபடி கொத்தாமல் தப்பிக்கலாம்? கடைசியாக, இதைக் கும்பகோணம் வரை நீட்டலாம் என்று குழுவில் ஒருவர் விடாமல் சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?


தண்டவாளப்பட்டறை எழுதியது:

முதலில் மண். தஞ்சாவூரை ஒரே மண்ணாகப் பார்க்காதீங்க. கல்லணைக் கால்வாய்க்குத் தெற்கே வல்லம் மேடு, செம்மண், கிராவல். வடக்கே வடவாறு, வெண்ணாறு பக்கம் ஆற்று வண்டலும் களியும். அதாவது உங்க முதல் கட்டத்தில் பெரும்பகுதி சுலபமான மண்ணில் போகுது, கஷ்டமெல்லாம் இரண்டாம் கட்டத்துக்கு ஒதுங்கியிருக்கு. முதல் கட்டத்தின் கி.மீ. செலவை எடுத்து இரண்டாவதுக்கு அப்படியே பெருக்கிப் போட்டிருந்தால் அந்த வரியை அடிச்சுடுங்க.

மேட்டுப் பகுதியில் வெட்டு ஆழம் ஏறத்தாழ 75 செ.மீ. கீழிருந்து மேலாக: இறுக்கிய தரை, ஜியோடெக்ஸ்டைல் துணி, 30 செ.மீ. ஜி.எஸ்.பி. (இறுக்கிய ஜல்லி, கிராவல் கலவை), 15 செ.மீ. மெலிந்த கான்கிரீட், அதன்மேல் தண்டவாளத்தையும் சேர்த்து வார்க்கிற 30 செ.மீ. எம்35 அல்லது எம்40 தரக் கான்கிரீட்டில் கம்பி கட்டிய ஸ்லாப். களிமண் பகுதியில் இதற்கும் கீழே இன்னொரு 30 முதல் 50 செ.மீ. தோண்டிக் கிராவல் நிரப்பணும், இல்லாவிட்டால் எடையில் 3 முதல் 6 சதம் சுண்ணாம்பு கலந்து களியைக் கட்டிப்படுத்தணும். களி ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கால்வாயில் தண்ணீர் வரும்போது ஒரு உயரம், பங்குனி சித்திரையில் இன்னொரு உயரம். ஸ்லாப் முழுக்க ஒரே மாதிரி ஏறி இறங்கினால் பாதகமில்லை. பாதி கிராவலிலும் பாதி களியிலும் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் விரிசல் விடும். மண் மாறும் இடத்தில் 15, 20 மீட்டர் நீளத்துக்கு அடித்தளத்தைச் சிறிது சிறிதாக ஆழப்படுத்திக்கொண்டே போங்க. ஒரே படியாக இறக்காதீங்க.

தண்டவாளம்: ரோட்டோடு சேர்ந்து ஓடும் இடத்தில் பள்ளம் வைத்த தண்டவாளம், 60ஆர்2 வகை. மீட்டருக்குச் சுமார் 60 கிலோ, உயரம் 180 மி.மீ., பள்ளத்தின் அகலம் 36 மி.மீ. இறுக்கமான வளைவுகளில் பள்ளம் அகலமான 59ஆர்2. ரயில்வே போடுகிற 60 கிலோ தண்டவாளத்துக்கும் இதற்கும் எடை ஒன்றாக இருப்பதைப் பார்த்து ஒன்றையே இரண்டுக்கும் எழுதிவிடுவாங்க. வெட்டுமுகம் வேறு, ஆர்டர் வேறு. 6 கி.மீ. இரட்டைப் பாதை என்றால் 24 கி.மீ. தண்டவாளம், சுமார் 1,440 டன். 18 மீட்டர் துண்டுகளாக வந்தால் 1,330-க்கு மேல் வெல்டிங். வளைவுத் துண்டுகளைத் தொழிற்சாலையிலேயே வளைத்து, எண் போட்டு வாங்கணும். தளத்தில் நெம்புகோல் வைத்து வளைப்பது பெரிய ஆரத்தில் மட்டும் செல்லும். புதிய பேருந்து நிலையம் பக்கம் தனித்தடம் கிடைக்கும் இடங்களில் சாதாரண தட்டை அடித் தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி போதும். அங்கேயும் பள்ளத் தண்டவாளம் போடுவது காசைப் புதைப்பது.

வார்க்கும் முறையைக் குறிப்பில் எழுதிவிடுங்க: கேஜ் ஃபிரேமில் (இரண்டு தண்டவாளத்தையும் சரியான இடைவெளியில் பிடிக்கும் சட்டம்) தண்டவாளத்தைத் தொங்கவிட்டு, மட்டமும் அகலமும் 2 மி.மீ.க்குள் சரிபார்த்து, ரப்பர் உறை மாட்டி, கடைசியில்தான் கான்கிரீட். ஸ்லாப்பை முதலில் வார்த்துவிட்டு அதன்மேல் தண்டவாளத்தை ஆப்பு வைத்துச் சரிசெய்வது ஆறு மாதத்தில் ஆடத் தொடங்கும்.

கால்வாய்ப் பாலம்: டிராமின் எடை பிரச்சினை இல்லை. 30 மீட்டர் வண்டி ஆளோடு சேர்த்து 60 டன் சொச்சம், அதுவும் 30 மீட்டரில் பரவி இருக்கு. ஐ.ஆர்.சி. 70ஆர் (இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த கனரக வண்டி) பளுவுக்கு வடிவமைத்த பாலம் அதைவிடக் கடுமையானதைக் கணக்கில் வைத்திருக்கும். பாலத்தைக் கொல்வது நீங்க மேலே வார்க்கப்போகிற ஸ்லாப். 25 செ.மீ. கனம், 6 மீட்டர் அகலம் என்றால் பாலத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் 3.75 டன் நிரந்தரச் சுமை. ஏழரை செ.மீ. தார் மேற்பூச்சை உரித்தால் மீட்டருக்கு ஒரு டன் திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான். பழைய பாலம் என்றால் தனிப் பாலம் என்றே வைத்துக்கொள்ளுங்க.

இங்கேதான் மலிவான நீட்டிப்பு ஏற்பாடு ஒன்று ஒளிந்திருக்கு. வடவாறு, வெண்ணாறு பாலங்களை நெடுஞ்சாலைத் துறை எப்போது புதுப்பித்தாலும், நடுவில் 6.5 மீட்டர் அகலத்துக்கு 22 செ.மீ. பள்ளம் விட்டு, அந்த நிரந்தரச் சுமையையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்க. பள்ளத்தை இப்போதைக்குச் சாதாரண கான்கிரீட் போட்டு மூடிக்கொள்ளலாம். டிராம் வராமலே போனாலும் நஷ்டம் சொற்பம். பால வேலைக்குக் காலம் பிப்ரவரி முதல் மே வரைதான். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் ஆற்றில் தூண் வேலை நடக்காது.


750வோல்ட் எழுதியது:

மின்சாரம் பக்கம். 6 கி.மீ.க்கு 750 வோல்ட் டி.சி., நாலு துணைமின் நிலையம், ஒவ்வொன்றும் 1 மெகாவாட் அளவில். ஒன்று படுத்தால் பக்கத்தில் இருக்கும் இரண்டும் தாங்கணும், அதனால் மூன்றோடு நிறுத்தாதீங்க. ஒவ்வொன்றுக்கும் 5 சென்ட் இடம் தேவை. லாரி போய்த் திரும்பும் வழி, தெரு மட்டத்தைவிட உயர்ந்த தரை, இரண்டு வேறு ஃபீடரிலிருந்து (மின்வாரியத்தின் தனித்தனி வழித்தடம்) உயரழுத்த இணைப்பு. ஒரே ஃபீடரில் நாலையும் தொங்கவிட்டால் நாலு வைத்ததன் அர்த்தமே போச்சு.

ஏன் இவ்வளவு நெருக்கம் என்று கேட்பாங்க. 120 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு கி.மீ.க்கு 0.15 ஓம் தடை. 30 மீட்டர் வண்டி கிளம்பும்போது 1,000 ஆம்பியர் இழுக்கும். ஒரு கி.மீ. தள்ளி நின்றால் கம்பியில் மட்டும் 150 வோல்ட் காணாமல் போகும். இரண்டு வண்டி ஒரே நேரத்தில் கிளம்பினால் கணக்கு நீங்களே போடுங்க. 500-க்குக் கீழே இறங்கினால் வண்டி தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். போகும் பாதையின் கம்பியையும் வரும் பாதையின் கம்பியையும் இடையிடையே இணைத்தால் இறக்கம் கிட்டத்தட்டப் பாதியாகும். இது செலவில்லாத வைத்தியம், ஆனாலும் பல திட்ட அறிக்கையில் இருக்காது.

இதைவிட நம்ம ஊருக்கு முக்கியம் கசிவு மின்னோட்டம். மின்சாரம் கம்பி வழியாகப் போய்த் தண்டவாளம் வழியாகத் திரும்பணும். ஈரமான களிமண் இருந்தால் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி, பக்கத்தில் இருக்கும் இரும்புக் குழாயில் ஏறி, துணைமின் நிலையத்துக்குக் கிட்டே வந்து வெளியேறும். வெளியேறும் இடத்தில் குழாய் கரையும். ஒரு ஆம்பியர் ஒரு வருஷம் இடைவிடாமல் வெளியேறினால் 9 கிலோ இரும்பு போகும். குடிநீர்க் குழாயில் அது நூறு ஓட்டை. ஐரோப்பிய விதியில் ஒற்றைப் பாதைக்குச் சராசரி கசிவு மீட்டருக்கு 2.5 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பாதிப்பில்லை என்கிறாங்க. அதை எட்ட: தண்டவாளத்தின் அடியும் பக்கமும் முழுக்க ரப்பர் உறை, மின்சாரத்தின் எதிர்முனையை (நெகட்டிவ்) பூமியோடு இணைக்காமல் மிதக்கவிடுவது, நாலு தண்டவாளத்தையும் குறுக்குக் கேபிளால் கட்டுவது, ஸ்லாப் கம்பிகளை வெல்டு செய்து தனிச் சேகரிப்பு வலையாக்குவது. ஒவ்வொரு 100 மீட்டரும் கான்கிரீட் போடும் முன் ஒரு அளவு, போட்டபின் ஒரு அளவு எடுக்கணும். ரப்பர் உறை ஒரே இடத்தில் கிழிந்திருந்தாலும் போச்சு. கான்கிரீட் மூடினபிறகு எங்கே கிழிந்தது என்று தேடுவது வைக்கோற்போரில் ஊசி.

தேர் வீதி. கம்பியின் உயரம் 5.5 முதல் 6 மீட்டர். எந்தத் தேரும் அதற்குக் கீழே போகாது. திருவாரூர் ஆழித்தேரை 96 அடி என்பாங்க, தஞ்சாவூர்த் தேர் அந்த அளவு இல்லாவிட்டாலும் கதை அதேதான். மின்வாரியம் தேரன்று செய்வதுபோல் மின்சாரத்தை நிறுத்திக் கம்பியைக் கழற்றி மாட்டலாமே என்று சொல்லாதீங்க. டிராம் கம்பி இழுவிசையில் நிற்கிறது. ஒவ்வொரு முறை இறக்கினாலும் உயரம், வளைவு, இழுவிசை எல்லாம் மறுபடி சரிபார்க்கணும். 2022 ஏப்ரலில் பக்கத்திலேயே களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் செத்தது ஊருக்கே தெரியும். அதற்கப்புறம் தேர் வீதியில் புதுசாக ஒரு கம்பி இழுக்க யாரும் கையெழுத்துப் போடமாட்டாங்க, போடவும் கூடாது.

ஆகவே மேலவீதி, வடக்குவீதி, கீழராஜவீதி, தெற்குவீதி நாலையும் தொடும் அல்லது குறுக்கே வெட்டும் இடமெல்லாம் கம்பியில்லாப் பகுதி. பிரான்சில் நீஸ் நகரத்தில் 2007-இல் இரண்டு சதுக்கங்களை இப்படித்தான் பேட்டரியில் கடக்கவிட்டாங்க. ஓட மட்டும் என்றால் ஏ.சி.யோடு சேர்த்து கி.மீ.க்கு 5 யூனிட் போதும், 800 மீட்டருக்கு 4 யூனிட். ஆனால் நெரிசலில் அரை மணி நேரம் சிக்கினால் ஏ.சி. மட்டுமே 15, 20 யூனிட் தின்னும். அதனால் 40 யூனிட்டுக்குக் குறையாத பேட்டரி. தினமும் அடிமட்டம் வரை காலி செய்தால் ஆயுள் குறையும் என்பதும் ஒரு காரணம்.

தரையிலிருந்து மின்சாரம் எடுக்கும் முறையை யாராவது விற்கவந்தால் வாசலோடு அனுப்பிடுங்க. போர்தோவில் 2003-லிருந்து ஓடுது, 8 மீட்டர் மின்துண்டும் 3 மீட்டர் காப்புத்துண்டும் மாறிமாறி. தண்ணீர் தேங்கும் தெருவுக்கு அது ஆகாது. சென்னையிலேயே 1895-இல் டிராம் தொடங்கியபோது தண்டவாளத்துக்கு நடுவில் குழிவெட்டி அதற்குள்தான் மின்சாரம் வைத்தாங்க. மழைத் தண்ணீர் புகுந்ததும் சில வருஷத்திலேயே மேல்கம்பிக்கு மாறவேண்டியதாச்சு.


புதாற்றங்கரை எழுதியது:

மிக்க நன்றி. பாலத்தில் பள்ளம் விடுவது எங்களுக்குத் தோன்றவே இல்லை, உடனே சேர்த்துவிடுகிறோம். இரண்டு துணைக் கேள்வி: தேர்ச் சக்கரம் தண்டவாளத்தின் மேல் ஏறினால் எது கெடும்? செலவைக் குறைக்க முதல் கட்டத்தை ஒற்றைப் பாதையாகப் போட்டு, இடையில் வண்டிகள் விலகும் இடம் வைத்துக்கொள்ளலாமா?


டைம்கீப்பர் எழுதியது:

ஒற்றைப் பாதை கேள்விக்கு நேரடிப் பதில்: வேண்டாம். 8 நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்றால் ஒவ்வொரு வண்டியும் 4 நிமிஷத்துக்கு ஒருமுறை எதிர்வண்டியைச் சந்திக்கும். மணிக்கு 18 கி.மீ. சராசரியில் அது 1.2 கி.மீ.க்கு ஒரு விலகுமிடம். ஒரு வண்டி 2 நிமிஷம் தாமதமானால் எதிரில் வருவதும் நிற்கும், அதற்கு எதிரில் வருவதும் நிற்கும். பின்னால் கூட்டம் பெருகி 5 நிமிஷத்துக்கு ஒன்று விடணும் என்றால் விலகுமிடங்களை இடம் மாற்றணும், அதாவது ரோட்டை மறுபடி கொத்தணும். நீங்க தவிர்க்க நினைப்பதே அதைத்தானே. பாலம், கீழ்பாலம் மாதிரி 100, 150 மீட்டர் குறுகலில் மட்டும் ஒற்றை வைத்துச் சிக்னல் போட்டுக்கொள்ளலாம்.

இப்போ வண்டிக் கணக்கு. 6 கி.மீ., சராசரி 18 கி.மீ. வேகம் என்றால் ஒரு வழி 20 நிமிஷம். போக வர 40, இரண்டு முனையிலும் 6, 6 நிமிஷம் ஓய்வு. மொத்தம் 52. 8 நிமிஷ இடைவெளிக்கு 7 வண்டி. இதே பாதையைப் பஸ், ஆட்டோ, லாரியோடு கலந்துவிட்டுச் சராசரி 12-க்கு இறங்கினால் ஒரு வழி 30, மொத்தம் 72, அப்போ 9 வண்டி. இரண்டு டிராமும் அதற்குரிய ஓட்டுநர்களும் வெறும் நெரிசலில் கரைஞ்சுபோறாங்க. தனித்தடம் கொடுப்பது தயவல்ல, வண்டி வாங்கும் செலவை மிச்சப்படுத்துவது. பராமரிப்புக்கு ஒன்றிரண்டு மாற்று வண்டி சேர்த்துக்கோங்க.

கொள்ளளவு: 30 மீட்டர் வண்டியில் சதுர மீட்டருக்கு 4 பேர் நின்றால் சுமார் 200 பேர். 8 நிமிஷத்தில் மணிக்கு 1,500 பேர் ஒரு திசையில், 5 நிமிஷத்தில் 2,400. மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட மெட்ரோலைட் (இலகு நகர ரயில்) விதிமுறை இதைப் பல மடங்கு தாண்டிய கூட்டத்துக்கும் சேர்த்து எழுதியது, அதோடு பாதையின் இருபுறமும் வேலி கேட்கும். மருத்துவக் கல்லூரி சாலையில் வேலி போடலாம். கீழவாசலில் வேலி போட்டால் கடைக்காரர் அன்றைக்கே பிடுங்கிடுவார், அவர்மேல் தப்பும் சொல்ல முடியாது. எந்த விதிமுறையின் கீழ் போகப்போறீங்க என்பதைக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே தீர்மானிங்க. 2017 மெட்ரோ கொள்கைப்படி மாற்று வழிகளை ஒப்பிட்ட ஆய்வும் இணைக்கணும், இல்லாவிட்டால் கோப்பு நகராது.

நீட்டிப்புக்கு விட்டுவைக்கவேண்டியது என்று கேட்டீங்க. என் கணக்கில் முதலிடம் முனைநிலையத்துக்கு. பழைய பேருந்து நிலையத்தில் பாதையை முட்டுச்சந்து மாதிரி முடிக்காமல், நடைமேடையைத் தாண்டி இரண்டாம் கட்டத் திசையிலேயே 50, 60 மீட்டர் வால் பாதை போட்டுவிடுங்க. குறுக்குமாற்றுப் பாதை (வண்டி ஒரு பாதையிலிருந்து மற்றதுக்கு மாறும் இணைப்பு) நடைமேடைக்கு முன்னால் இருக்கட்டும். வால் பாதையில் பழுதான வண்டியை ஒதுக்கலாம். நாளைக்கு நீட்டும்போது ஓடுகிற சேவையை நிறுத்தாமலே அதன் நுனியில் ஒட்டலாம். எடின்பரோவில் 2014-இல் தற்காலிக முனையாகக் கட்டிய யார்க் பிளேஸ் நிறுத்தத்தை நீட்டிப்புக்காக 2022-இல் மூடி இடித்துவிட்டு, பக்கத்தில் வேறு நிறுத்தம் கட்டினாங்க. அதே ஊரில் முதல் கட்டமே குழாய் மாற்றும் வேலையில் சிக்கி, பாதையையும் சுருக்கி, செலவு 77.6 கோடி பவுண்டில் முடிந்தது என்பதையும் குழுவில் வாசிச்சுக் காட்டுங்க.

அடுத்து பணிமனை. 6 ஏக்கர் வாங்குங்க, 20 வண்டிக்கு. முதலில் 9 வண்டிக்கு மட்டும் கூரை போட்டால் போதும், ஆனால் நிலமும் நுழைவுப் பாதையின் பிரிவுகளும் முழுசாக இருக்கணும். இடம் வல்லம் பக்கத்து மேடு. மலிவாகக் கிடைக்குதேன்னு வடக்கே நஞ்சையை வாங்கி 2 மீட்டர் மண் கொட்டினால் அது வருஷக்கணக்கில் உட்கார்ந்துகொண்டே இருக்கும். சக்கரம் கடையும் லேத்துக்குக் குழி தோண்டினால் ஊற்று வரும்.

ரயில் பாதை: 25,000 வோல்ட் கம்பி ஓடும் ரயிலை 750 வோல்ட் டிராம் ஒரே மட்டத்தில் கடப்பது பேச்சுக்கே இடமில்லை. மேம்பாலம் என்றால் ஏற்றம் தொல்லையில்லை, ரோட்டுப் பாலங்கள் 30-க்கு 1, 40-க்கு 1 சரிவில்தான் இருக்கும். டிராம் 6 சதம் வரை சிரமமில்லாமல் ஏறும். கீழ்பாலம் என்றால் தண்ணீர்தான் எதிரி. தாழ்தள வண்டியின் மோட்டாரும் கியரும் ரோட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் தொங்கும். கணுக்கால் தண்ணீர் நின்றாலே சேவையை நிறுத்தணும். பம்புக்கு ஜெனரேட்டரும், ஜெனரேட்டரை வைக்கத் தண்ணீர் எட்டாத மேடையும் சேர்த்து எழுதுங்க.

கும்பகோணம் சொல்கிற நண்பருக்கு: 40 கி.மீ. தூரத்தை 18 கி.மீ. வேகத்தில் போனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அகல ரயில் பாதை ஏற்கெனவே இருக்கு, மின்சாரமும் இருக்கு. அதில் மெமு (மின்சாரப் பயணிகள் ரயில்) வண்டியைக் கூட்டச் சொல்லி மனு எழுதினால் நூறில் ஒரு பங்கு செலவில் காரியம் முடியும். கும்பகோணத்துக்கு வேணும் என்றால் அது தனி டிராம், தனிப் பணிமனை. 2028 மகாமகத்துக்குள் என்று யாராவது சேர்த்துச் சொன்னால், குழாய் மாற்ற எத்தனை மாதம் வைத்திருக்கிறார் என்று மட்டும் கேளுங்க.


மினிபஸ் எழுதியது:

எல்லாம் சரி சார், மணிக்கு 1,500 பேருக்கு 12 மீட்டர் மின்சாரப் பஸ் இரண்டரை நிமிஷத்துக்கு ஒன்று விட்டால் முடிஞ்சுபோச்சே. இத்தனை கான்கிரீட் எதுக்கு?


டைம்கீப்பர் எழுதியது:

நியாயமான கேள்வி. 1,500-லேயே நிற்கும் என்றால் பஸ்தான் சரி, தனித்தடத்தோடு. 3,000 தாண்டும் என்று காட்ட முடிந்தால் டிராம் பேசலாம். அந்த அளவில் பஸ்கள் நிறுத்தத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துக்கொண்டு நிற்கும், ஓட்டுநர் எண்ணிக்கையும் ஏறும். புதாற்றங்கரை, காலை 8 முதல் 10 வரை மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு திசையில் எத்தனை பேர் பயணிக்கிறாங்க என்ற எண்ணிக்கையை முதலில் எடுங்க. தலைக் கணக்கு, வண்டிக் கணக்கு அல்ல. அது இல்லாத குறிப்பை யாரும் முழுசாகப் படிக்கமாட்டாங்க.


நெற்களம் எழுதியது:

தேர்ச் சக்கரம் பற்றி யாரும் தொடாததால் சொல்கிறேன். சக்கரத்தின் அகலம் 36 மி.மீ. பள்ளத்தைவிட எத்தனையோ மடங்கு, உள்ளே விழாது. தொல்லை வேறு. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் முட்டுக்கட்டை. தார் ரோட்டில் கட்டை பிடிக்கும், எண்ணெயும் ஈரமும் பட்ட எஃகின் மேல் வழுக்கும். வீதி முனைகளில் தேர் திரும்பும் வட்டத்துக்குள் தண்டவாள வளைவோ மாற்றுப் பாதையோ (வண்டி தடம் மாறும் பிரிவு) வைக்காதீங்க. குறுக்கே கடக்கும் இடத்தில் தேருக்கு முதல் நாள் இரவு பள்ளத்தில் ரப்பர் பட்டை அடைத்து, மேலே சொரசொரப்பான விரிப்பு போடணும். அறநிலையத் துறையிடம் தேரின் எடையும் சக்கர இடைவெளியும் எழுத்தில் வாங்கி ஸ்லாப் வடிவமைப்பாளரிடம் கொடுங்க. டிராமின் அச்சுப் பளு 10, 12 டன்னை வைத்து மட்டும் அவர் கணக்குப் போட்டிருப்பார்.

வருஷத்தில் ஒரு நாள் வரும் தேரைவிட அறுவடைதான் பெரிய பகை. பள்ளியக்ரகாரம் பக்கம் ரோட்டில் நெல் காயும். ஒரு மூட்டை நெல் பள்ளத்தில் இறங்கினால் சக்கர விளிம்பு அதை நசுக்கி மாவாக்கும். மழைத்தூறல் பட்டால் இட்லி மாவுப் பதம், காய்ந்தால் சிமெண்டு. விளிம்பு அதன்மேல் ஏறினால் வண்டி தடம் புரளும். அதற்கு முன்பே தண்டவாளத் தலையில் ஒட்டிய மாவு பிரேக்கை வழுக்கவைக்கும். மாசி, பங்குனியிலும் குறுவை அறுப்பிலும் பள்ளம் சுரண்டும் வண்டி தினம் விடியலில் ஒருமுறை ஓடணும். சுரண்டியதை அள்ளணும், தள்ளிவிட்டால் அது நேராக வடிகால் பெட்டிக்குப் போகும்.

டிராக்டர் கேஜ் வீல் இன்னொன்று. சேற்றுழவு முடித்துவிட்டு இரும்புச் சக்கரத்தோடேயே ரோட்டில் வருவாங்க. தண்டவாள ஓரத்து ரப்பரையும் கான்கிரீட் விளிம்பையும் அது கொத்திப்போடும், பெயர்ந்த சில்லு பள்ளத்தில் விழும். தடை போர்டு வைத்தால் பயனில்லை. கிராமச் சாலை வந்து சேரும் இடங்களில் டிராக்டர் டிராம் தடத்தில் ஏறாமல் கடக்க நேர்கோணக் கடப்பு கொடுத்து, அந்த 8 மீட்டருக்கு மட்டும் விளிம்பில் எஃகுப் பட்டை பதியுங்க.

சைக்கிள்: பழைய 28 அங்குலச் சக்கரத்தின் டயர் 40 மி.மீ., காற்று குறைந்தால் 36-க்குள் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். புது மெலிந்த டயர் நேராகவே இறங்கும். மொபெட் டயர் இறங்காது, ஆனால் மழையில் வழுக்கும். சாய்வாகக் கடக்கும் இடமே வராதபடி சைக்கிள் வழியை வளைத்து, 60 டிகிரிக்குக் குறையாமல் கடக்கவிடுங்க.


தண்டவாளப்பட்டறை எழுதியது:

நெற்களம் சொன்ன வடிகால் பெட்டியைச் சேர்த்து முடிச்சுடறேன். பள்ளம் என்பதே 36 மி.மீ. வாய்க்கால், மழைத் தண்ணீர் அதில் ஓடித் தாழ்ந்த இடத்தில் சேரும். 50 முதல் 100 மீட்டருக்கு ஒரு பெட்டி. ஒவ்வொரு மாற்றுப் பாதைக்கும் மேட்டுப்பக்கத்தில் ஒன்று கட்டாயம், இல்லாவிட்டால் வண்டல் நேராக மாற்றுப்பாதை மோட்டார் பெட்டிக்குள் உட்காரும். பெட்டியின் கழிவு மழைநீர் வடிகாலுக்குத்தான் போகணும். பாதாளச் சாக்கடையில் இணைத்தால் ஐப்பசியில் அங்கிருந்து எதிர்த்து வரும்.

குழாய், கேபிள்: பழைய வரைபடத்தை நம்பி டெண்டர் விடாதீங்க. தரையூடுருவும் ரேடாரில் பார்த்தபின், 20 முதல் 50 மீட்டருக்கு ஒரு சோதனைக் குழி கையால் வெட்டணும், ரேடார் ஈரக் களிமண்ணில் சரியாகத் தெரியாது. குழிகளை இரண்டு முறை பாருங்க: ஏப்ரலில் ஒருமுறை குழாய்க்காக, நவம்பரில் ஒருமுறை நிலத்தடி நீர்மட்டத்துக்காக. பாதைக்கு இணையாக ஸ்லாப்புக்கு அடியில் ஓடும் எதையும் விடக்கூடாது, வெளியே மாற்றணும். ஆள் இறங்கும் சாக்கடைக் குழிகளும் அப்படியே. குறுக்கே கடப்பது உறைக்குழாய்க்குள் இருக்கலாம். போர்ட்லாந்தில் 2001-இல் ஸ்லாப்பை 30 செ.மீ. கனம், பாதைக்கு 2.4 மீட்டர் அகலம் என்று மெலிதாக வைத்துப் பல குழாய்களை நகர்த்தாமலே தப்பித்தாங்க. மேட்டுப் பகுதியில் அதைப் பின்பற்றலாம், களியில் நடக்காது.

வார்க்கும் முன் ஒவ்வொரு 100 மீட்டரிலும் குறுக்கே 4 காலிக் குழாய், பாதையோடு கூடவே 6 காலிக் குழாய் புதைச்சுடுங்க. அதில் இரண்டு இரண்டாம் கட்டத்துக்கென்று பூட்டிவைத்தது. வாயை மூடி, உள்ளே நைலான் கயிறு விட்டு, இருக்கும் இடத்தை அளந்து எழுதணும். கயிறு விட மறந்தால் ஐந்து வருஷம் கழித்து வண்டல் அடைத்த குழாயில் கேபிள் நுழையாது, பக்கத்தில் புதுசாகத்தான் வெட்டுவாங்க.

இன்னொன்று, பெரிய கோயில் பக்கம் வரைபடத்தில் ஒரு வளைவு போட்டிருந்தால் எடுத்துடுங்க. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் அனுமதி வாங்கவேண்டிய பகுதி. ஒரு கம்பத்துக்காக மொத்தக் கோப்பும் அங்கேயே நின்றுவிடும்.